காட்டுக்குத் திரும்பும் ஒராங்குட்டான்

கூண்டில் ஒரு விலங்கு அடைபட்டுக் கிடக்கிறது. அதற்கு விடுதலை தர வேண்டும். என்ன செய்யலாம்?

"கூண்டைத் திற. காட்டில் கொண்டுபோய் விடு. அது பிழைத்துக்கொள்ளும்." பலரும் இப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டில் புகுந்த பாம்பைப் பிடித்துக் காட்டில் விடுகிறோம். அது தன் வழியில் போகிறது. இரை தேடும் வித்தையைப் பாம்புக்கு யாரும் கற்றுத்தருவதில்லை. அது பிறவியிலேயே வருகிறது.

எல்லா விலங்குகளும் அப்படி இல்லை. சில விலங்குகள் வாழ்வதற்கே பாடம் படிக்க வேண்டும். தாய்தான் அவற்றுக்கு ஆசிரியர். தாயை இழந்த குட்டியைக் காட்டில் விட்டால் அது பிழைக்காது. எதைத் தின்பது என்று அதற்குத் தெரியாது. எங்கே தூங்குவது என்றும் தெரியாது.

அப்படிப்பட்ட ஒரு விலங்குதான் ஒராங்குட்டான். பிடிபட்ட ஒராங்குட்டான் குட்டியை மீண்டும் காட்டுக்கு அனுப்ப ஏழெட்டு ஆண்டுகள்கூட ஆகின்றன. ஏன் இத்தனை காலம்? அந்த வேலை எப்படி நடக்கிறது? பார்ப்போமா?

காட்டு மனிதன்

ஒராங்குட்டான் ஒரு வாலில்லாக் குரங்கு. கொரில்லா, சிம்பன்சி, போனோபோ ஆகியவையும் பெரிய வாலில்லாக் குரங்குகளே. அவை ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன. ஆசியாவில் வாழும் பெரிய வாலில்லாக் குரங்கு ஒராங்குட்டான் மட்டுமே.

மலாய் மொழியில் 'ஒராங்' என்றால் மனிதன். 'ஹுத்தான்' என்றால் காடு. ஒராங்குட்டான் என்றால் காட்டு மனிதன் என்று பொருள். பொருத்தமான பெயர்தான். நம் உடலின் மரபுக் கூறுகளில் நூற்றுக்கு 97 பங்கு ஒராங்குட்டானோடு ஒத்துப்போகிறது.

இதன் உடல் முழுவதும் செம்பழுப்பு நிற முடி. கைகள் மிக நீளம். வாழ்நாளில் பெரும் பகுதியை மரத்தின் மேலேயே கழிக்கிறது. வளர்ந்த ஆண் 80 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். பெண்ணின் எடை அதில் பாதிதான்.

உலகில் இரண்டு தீவுகளில் மட்டுமே ஒராங்குட்டான்கள் காட்டில் வாழ்கின்றன. ஒன்று போர்னியோ. மற்றொன்று சுமத்ரா. சுமத்ரா இந்தோனேசியாவைச் சேர்ந்தது. போர்னியோவின் பெரும் பகுதி இந்தோனேசியாவிடம் உள்ளது. அந்தப் பகுதிக்குக் கலிமந்தான் என்று பெயர். வடக்கே உள்ள சபா, சரவாக் என்ற மாநிலங்கள் மலேசியாவுக்கு உரியவை.

ஒராங்குட்டானில் மூன்று இனங்கள் உண்டு. போர்னியோ இனம், சுமத்ரா இனம், தபனூலி இனம். தபனூலி இனத்தை அறிவியலாளர்கள் 2017-ஆம் ஆண்டில்தான் தனி இனம் என்று அறிவித்தார்கள். அதில் 800-க்கும் குறைவானவையே மிஞ்சி உள்ளன. மூன்று இனங்களுமே அழிவின் விளிம்பில் நிற்கின்றன.

தாயே பள்ளிக்கூடம்

ஒராங்குட்டான் பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்கு ஏழு, எட்டு ஆண்டுகள் ஆகும். சில சமயம் ஒன்பது ஆண்டுகள்கூட ஆகும். பாலூட்டிகளில் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறு எதற்கும் இல்லை.

ஏன் இந்த இடைவெளி? குட்டியை வளர்த்து ஆளாக்க அத்தனை காலம் தேவை. முதல் சில ஆண்டுகள் குட்டி தாயின் உடலைப் பற்றிக்கொண்டே இருக்கும். எட்டு வயது வரை பால் குடிக்கும் குட்டியும் உண்டு.

இந்தக் காலத்தில் குட்டி என்ன கற்கிறது? ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம்.

எந்தப் பழம் தின்னலாம், எது கூடாது என்று கற்கிறது. காட்டில் நூற்றுக்கணக்கான வகைச் செடி கொடிகள் உண்டு. பழம் கிடைக்காத மாதங்களில் இலை, மரப்பட்டை, கரையான் தின்று உயிர் வாழ வேண்டும். எந்த மரம் எந்தக் காலத்தில் பழுக்கும் என்று நினைவில் வைக்க வேண்டும்.

கூடு கட்டக் கற்கிறது. ஒராங்குட்டான் தினமும் மாலையில் மரத்தில் புதுக் கூடு கட்டும். கிளைகளை வளைக்கும். மடக்கும். மேலே இலைகளைப் பரப்பும். கூடு உறுதியாக இல்லை என்றால் உயரத்திலிருந்து விழ நேரிடும்.

கருவியைப் பயன்படுத்தவும் கற்கிறது. சுமத்ராவின் ஒரு சதுப்புக் காட்டில் நீசியா என்ற பழம் உண்டு. அதன் விதைகள் சத்து நிறைந்தவை. ஆனால் உள்ளே ஊசி போன்ற மயிர்கள் இருக்கும். அந்தக் காட்டு ஒராங்குட்டான்கள் குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு விதையை நோண்டி எடுக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையிலும் அதே பழம் உண்டு. ஆனால் அங்கே உள்ள ஒராங்குட்டான்களுக்கு இந்த வித்தை தெரியாது. இது பிறவியில் வந்த அறிவு அல்ல. பார்த்துப் பழகி வந்த அறிவு.

2022-ஆம் ஆண்டில் இன்னொரு வியப்பான செய்தி கிடைத்தது. ராக்குஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட ஓர் ஆண் ஒராங்குட்டானின் முகத்தில் காயம். அது ஒரு மூலிகைக் கொடியின் இலையை மென்றது. சாற்றைக் காயத்தில் தடவியது. மென்ற இலையையே பற்றுப் போட்டது. காயம் ஆறிவிட்டது. அப்பகுதி மக்களும் அதே கொடியை மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு வயதுக் குட்டி தாயை இழந்தால் என்ன ஆகும்? அது தாயை மட்டும் இழக்கவில்லை. பள்ளிக்கூடத்தையே இழந்துவிடுகிறது.

குட்டி எப்படி அநாதை ஆகிறது?

தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியை யாரும் பறிக்க முடியாது. அது குட்டியை விடாது. ஆகவே குட்டியைப் பிடிப்பவர்கள் முதலில் தாயைக் கொல்கிறார்கள். யாரோ ஒருவர் வீட்டில் ஒராங்குட்டான் குட்டி விளையாடுகிறது என்றால், காட்டில் ஒரு தாய் இறந்திருக்கிறது என்று பொருள்.

1980-களில் தைவான் நாட்டுத் தொலைக்காட்சியில் ஓர் ஒராங்குட்டான் தோன்றியது. மக்கள் அதை மிகவும் ரசித்தார்கள். "எங்களுக்கும் ஒன்று வேண்டும்" என்று பலர் ஆசைப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான குட்டிகள் கடத்திக் கொண்டுபோகப்பட்டன. குட்டி வளர்ந்தது. பலம் கூடியது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பலர் அதைக் கைவிட்டார்கள்.

காடு அழிவது இன்னொரு காரணம். மரம் வெட்டுகிறார்கள். சுரங்கம் தோண்டுகிறார்கள். எண்ணெய்ப் பனைத் தோட்டம் போடுகிறார்கள். தோட்டம் போடுவதற்கு நிலத்துக்குத் தீ வைப்பதும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது.

காட்டை இழந்த ஒராங்குட்டான் பசியோடு தோட்டத்துக்கு வருகிறது. பனங்கன்றின் குருத்தைப் பிடுங்கித் தின்கிறது. தோட்டக்காரருக்கு நட்டம். அவர் விரட்டுகிறார். சில சமயம் சுடவும் செய்கிறார். பயிரை இழக்கும் சிறு விவசாயியின் வேதனையும் உண்மை. பசித்த விலங்கின் வேதனையும் உண்மை.

1999 முதல் 2015 வரை போர்னியோவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் குறைந்துபோயின. அறிவியலாளர்கள் கணக்கிட்டுச் சொன்ன செய்தி இது.

மீட்பு வேலை தொடங்கிய கதை

1950-களில் சரவாக்கின் குச்சிங் நகரில் பார்பரா ஹாரிசன் என்ற பெண் வாழ்ந்தார். அதிகாரிகள் பிடித்துவந்த அநாதைக் குட்டிகளை அவர் தம் வீட்டில் வளர்த்தார். இவற்றைக் காட்டு வாழ்வுக்குப் பழக்க முடியுமா என்று முயன்று பார்த்தார். மறுவாழ்வு வேலைக்கு அதுவே தொடக்கம்.

1964-ஆம் ஆண்டில் சபாவில் செப்பிலோக் மறுவாழ்வு மையம் தொடங்கியது. அது ஒரு காப்புக்காட்டின் ஓரத்தில் உள்ளது. 1971-இல் பிருட்டே கால்டிகாஸ் என்ற பெண் ஆய்வாளர் கலிமந்தானில் உள்ள தஞ்சுங் புத்திங் காட்டுக்கு வந்தார். காட்டு ஒராங்குட்டான்களை ஆராய்ந்தார். அநாதைக் குட்டிகளையும் வளர்த்தார். 1973-இல் சுமத்ராவின் போகோரோக் என்ற இடத்திலும் ஒரு மையம் தொடங்கியது.

தொடக்க காலத்தில் எல்லாம் சரியாக நடக்கவில்லை. போகோரோக்கில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் பெருகியது. பழம் கொடுத்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். விளைவு என்ன? ஒராங்குட்டான்கள் உணவு தேடுவதை விட்டு மனிதரைத் தேடத் தொடங்கின. சில, வழிமறித்து உணவு கேட்டன. கடிக்கவும் செய்தன.

நோய் இன்னொரு ஆபத்து. நமக்கு வரும் சளி, காசநோய், மஞ்சள் காமாலை எல்லாம் அவற்றுக்கும் தொற்றும். நோயோடு காட்டுக்குள் போன ஒரு விலங்கு, காட்டில் உள்ள மற்றவற்றுக்கும் நோயைப் பரப்பக்கூடும்.

இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றார்கள். 1995-இல் இந்தோனேசிய அரசு ஒரு விதி செய்தது. மறுவாழ்வு பெற்றவற்றை, ஏற்கெனவே ஒராங்குட்டான்கள் வாழும் காட்டில் விடக் கூடாது. ஒராங்குட்டான்கள் இல்லாத, ஆனால் அவை வாழத் தகுந்த காட்டில்தான் விட வேண்டும். போகோரோக் மையமும் 1990-களில் புதிய குட்டிகளை ஏற்பதை நிறுத்தியது.

முதல் படி: உடல் சோதனை

இன்று இந்த வேலை படிப்படியாக நடக்கிறது. மத்திய கலிமந்தானில் உள்ள ஞாரு மெந்தெங் மையம் 1999-இல் தொடங்கியது. இது மிகப் பெரிய மையங்களில் ஒன்று. சுமத்ராவில் மேதான் நகருக்கு அருகில் பத்து ம்பெலின் மையம் உள்ளது.

குட்டி வந்ததும் அதை மற்றவற்றோடு சேர்க்க மாட்டார்கள். சில வாரங்கள், சில மாதங்கள் தனியே வைப்பார்கள். இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். காசநோய் உண்டா என்று பார்ப்பார்கள். எலும்பு முறிவு உண்டா, உடலில் குண்டு உண்டா என்று படம் எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்றும் மரபுச் சோதனை செய்வார்கள். சுமத்ராக் குட்டியைப் போர்னியோவில் விடக் கூடாது அல்லவா?

இரண்டாம் படி: வளர்ப்புத் தாய்

வந்து சேரும் குட்டிகள் பலவும் மெலிந்திருக்கும். சில, சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தவை. சில, மனிதர் தின்னும் சோறும் மிட்டாயும் தின்று வளர்ந்தவை. தாயைக் கொல்லும்போது கண்ணால் பார்த்தவையும் உண்டு. அவை எதையாவது இறுகப் பற்றிக்கொண்டு சுருண்டு கிடக்கும்.

அவற்றுக்கு முதல் மருந்து அரவணைப்புதான். மையங்களில் வளர்ப்புத் தாய்மார் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பெண்கள். அவர்கள் குட்டிக்குப் புட்டிப் பால் தருகிறார்கள். தோளில் தூக்கிச் சுமக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் விழித்திருந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்தத் தாய்மைக்கு ஒரு வரம்பு உண்டு. குட்டி வளர வளர அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும். கொஞ்சுவதைக் குறைக்க வேண்டும். மனிதரைக் கண்டால் ஓடிவரும் ஒராங்குட்டான் காட்டில் பிழைக்காது. அது வேட்டைக்காரனிடமும் ஓடிப்போகும். வளர்த்த பிள்ளை தன்னை மறக்க வேண்டும் என்று விரும்பி வளர்ப்பது எளிய வேலையா?

மூன்றாம் படி: காட்டுப் பள்ளி

காலையில் வளர்ப்புத் தாய்மார் குட்டிகளை அருகில் உள்ள காட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். மாலையில் திரும்ப அழைத்து வருகிறார்கள். இதற்குக் காட்டுப் பள்ளி என்று பெயர்.

முதல் பாடம், மரம் ஏறுவது. தரையில் தவழ்ந்து பழகிய குட்டிக்கு உயரம் என்றால் பயம். பக்குவமாகப் பழக்குகிறார்கள். அடுத்த பாடம், உணவு தேடுவது. வளர்ப்புத் தாயே பழத்தையும் இலையையும் எடுத்துக் காட்டுவார். பட்டையை உரிப்பதும், கரையான் புற்றை உடைப்பதும் அடுத்தடுத்து வரும். பிறகு கூடு கட்டும் பாடம். கிளையை வளைத்துக் காட்டுவார். குட்டி பார்த்துச் செய்யும்.

பயப்படவும் கற்றுத்தர வேண்டும். ரப்பர் பாம்பைப் போட்டுவைப்பார்கள். குட்டி அதை எடுக்கப் போனால், வளர்ப்புத் தாய் பயந்து கத்துவதுபோல் நடிப்பார். அதைப் பார்த்துக் குட்டியும் விலகக் கற்றுக்கொள்ளும்.

குட்டிகள் ஒன்றைப் பார்த்து ஒன்றும் கற்கின்றன. மூத்தது செய்வதை இளையது செய்கிறது. சில குட்டிகள் வேகமாகக் கற்கும். சில, பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

நான்காம் படி: ஆற்றுத் தீவு

பள்ளியில் தேறியவை ஆற்றின் நடுவே உள்ள தீவுக்குப் போகின்றன. ஏன் தீவு? ஒராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது. ஆறே வேலி ஆகிவிடுகிறது.

அங்கே கூண்டு இல்லை. வளர்ப்புத் தாயும் இல்லை. இரவும் பகலும் மரத்தில்தான் வாழ வேண்டும். ஊழியர்கள் படகில் வந்து பரணில் கொஞ்சம் உணவு வைத்துவிட்டுப் போவார்கள். தூரத்தில் நின்று கவனித்துக் குறிப்பு எழுதுவார்கள். தானே உணவு தேடுகிறதா? தினமும் கூடு கட்டுகிறதா? மனிதரைக் கண்டால் விலகுகிறதா? இதுதான் இறுதித் தேர்வு.

ஐந்தாம் படி: காட்டில் விடும் நாள்

தேர்வில் வென்றவற்றுக்கு மறுபடியும் உடல் சோதனை உண்டு. தோலுக்கு அடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்துவார்கள். அது அனுப்பும் ரேடியோ அலையை வைத்து ஒராங்குட்டான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

பிறகு பயணம். விடும் காடு வெகு தொலைவில் இருக்கும். லாரியில் போவார்கள். படகில் போவார்கள். சில இடங்களுக்கு ஹெலிகாப்டர்தான் வழி. காட்டுக்குள் கூண்டின் கதவைத் திறப்பார்கள். ஒராங்குட்டான் வெளியே வரும். மரத்தைப் பிடிக்கும். மேலே ஏறிப்போகும்.

வேலை அதோடு முடிவதில்லை. ஊழியர்கள் பல மாதங்கள் அதைப் பின்தொடர்கிறார்கள். காலையில் கூட்டிலிருந்து எழுவது முதல் மாலையில் அடுத்த கூட்டில் படுப்பது வரை கவனிக்கிறார்கள். சேற்றிலும் மழையிலும் அட்டைக் கடியிலும் நடந்து இதைச் செய்கிறார்கள்.

சுமத்ராவில் 2003 முதல் ஜாம்பி பகுதியிலும், 2011 முதல் ஆச்சே பகுதியில் ஜந்தோ காட்டிலும் விடுகிறார்கள். இரண்டு இடங்களிலும் சேர்த்து 300-க்கு மேல் விட்டிருக்கிறார்கள். கலிமந்தானில் 2012 முதல் பத்திகாப் காட்டிலும், வேறு சில காடுகளிலும் விட்டுவருகிறார்கள். 2020-இல் கொரோனா பரவியபோது பல மையங்கள் சில மாதங்கள் விடுவதை நிறுத்தின. மனிதரிடமிருந்து நோய் தொற்றிவிடும் என்ற அச்சமே காரணம்.

விட்டவை எல்லாம் பிழைத்தனவா? இல்லை. சில இறந்துபோயின. சில ஊர்ப்பக்கம் வந்து, திரும்பவும் பிடிபட்டன. ஆனால் பல பிழைத்தன. அவற்றில் சில காட்டிலேயே குட்டி போட்டன. அந்தக் குட்டி கூண்டைப் பார்த்ததே இல்லை. அதற்கு வளர்ப்புத் தாய் தேவை இல்லை. சொந்தத் தாயே பாடம் சொல்லித் தருகிறது. அறுந்துபோன பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கிவிடுகிறது.

திரும்ப முடியாதவை

எல்லா ஒராங்குட்டானும் காட்டுக்குத் திரும்ப முடியாது. பார்வை இழந்தவை உண்டு. கை இழந்தவை உண்டு. தீராத நோய் கொண்டவை உண்டு. பல ஆண்டுகள் கூண்டில் கிடந்து, எதையும் கற்க முடியாமல் போனவையும் உண்டு.

2019 மார்ச் மாதம் ஆச்சேயில் ஒரு தாய் ஒராங்குட்டானை மீட்டார்கள். அதன் உடலில் 74 காற்றுத் துப்பாக்கிக் குண்டுகள் இருந்தன. இரண்டு கண்ணும் போய்விட்டன. அதன் கைக்குழந்தை சத்தில்லாமல் இறந்துவிட்டது. மருத்துவர்கள் அறுவை செய்து தாயின் உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு 'ஹோப்' என்று பெயர் வைத்தார்கள். நம்பிக்கை என்று பொருள். ஆனால் அது இனி மரம் தாவிக் காட்டில் வாழ முடியாது. இப்படிப்பட்டவற்றை ஆயுள் முழுதும் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

காடு இருந்தால்தானே?

ஒரு குட்டியை வளர்த்துக் காட்டுக்கு அனுப்ப எத்தனை பேர் உழைப்பு! எத்தனை ஆண்டுகள்! ஆனால் விடுவதற்குக் காடு வேண்டுமே? நல்ல காடு கிடைக்காமல், தேர்வில் வென்ற ஒராங்குட்டான்களும் கூண்டில் காத்திருந்ததுண்டு. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? காட்டைக் காப்பதுதான் ஓட்டையை அடைக்கும் வேலை. 2011-இல் இந்தோனேசிய அரசு, பழங்காடுகளில் புதிய தோட்டங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. 2019-இல் அதை நிரந்தரம் ஆக்கியது.

இதற்கும் நமக்கும் தொடர்பு உண்டா? உண்டு. உலகிலேயே வெளிநாட்டிலிருந்து பாமாயில் அதிகம் வாங்கும் நாடு இந்தியா. அதில் பெரும் பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. நம் சமையலில் அது இருக்கிறது. பிஸ்கட்டிலும் சோப்பிலும் இருக்கிறது.

அப்படியானால் பாமாயிலே வேண்டாம் என்று சொல்லலாமா? அதுவும் சரியான வழி அல்ல. அது ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் எண்ணெய். ஓர் ஏக்கர் எண்ணெய்ப் பனை, மற்ற எண்ணெய்ப் பயிர்களைவிடப் பல மடங்கு எண்ணெய் தருகிறது. அதை விட்டுவிட்டால் வேறு பயிருக்கு இன்னும் அதிக நிலம் வேண்டும். லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் அதை நம்பி வாழ்கிறார்கள். பனை வளரட்டும். ஆனால் அதற்காகப் புதிதாகக் காட்டை வெட்ட வேண்டாம். வாங்குகிற நாடும் இதைக் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் ஒராங்குட்டான் காட்டில் இல்லை. ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் பின்னி என்ற ஒராங்குட்டான் இருந்தது. அது 2019-இல் இறந்தது. ஆனால் நம் வடகிழக்கு மாநிலக் காடுகளில் வேறொரு வாலில்லாக் குரங்கு வாழ்கிறது. அதன் பெயர் ஹூலக் கிப்பன். அதுவும் மரம்விட்டு மரம் தாவியே வாழும். அசாமில் ஜோர்ஹாட் அருகே அதற்கென ஒரு சரணாலயம் உண்டு. அதன் நடுவே ரயில் பாதை போகிறது. இருபக்க மரக்கிளைகளும் தொட்டுக்கொள்ளாத இடத்தில் கிப்பன் கடக்க முடிவதில்லை.

ஒரு கிளை தூரம்தான். ஆனால் அதற்கு அதுவே வாழ்வும் சாவும். மரத்தை வெட்டிய பிறகு விலங்கைக் காப்பாற்றுவது மிகக் கடினம். மரத்தை வெட்டாமல் இருப்பது அதைவிட எளிது.

பேசிப் பாருங்கள்

1. பாம்பைக் காட்டில் விடுவதற்கும் ஒராங்குட்டானை விடுவதற்கும் என்ன வேறுபாடு?

2. வளர்ப்புத் தாய் குட்டியை விட்டு ஏன் விலக வேண்டும்?

3. உங்கள் ஊரில் கிளி, குரங்கு, ஆமை போன்ற காட்டு உயிர்களை யாராவது வளர்க்கிறார்களா? அவை எங்கிருந்து வந்தன?

4. குரங்கோ, பன்றியோ, யானையோ உங்கள் ஊர்ப் பயிரை அழித்தது உண்டா? விவசாயியும் பிழைக்க வேண்டும், விலங்கும் பிழைக்க வேண்டும். இதற்கு என்ன வழி? கூடிப் பேசுங்கள்.